நாய்க்குப் போட்ட நாற்காலிகள்

எங்கள் நாய் செத்த மறுநாள் காலையில் எதிர்வீட்டுக்காரி மல்லித்தழை கேட்டு வந்தாள். கிள்ளிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு பின்பக்கத் தோட்டத்தை எட்டிப் பார்த்து, புதைச்சாச்சா என்று கேட்டாள். ஆச்சு என்றேன். விடுங்கக்கா, இனிமே நீங்களும் அண்ணனும் நிம்மதியாக நாலு ஊருக்குப் போய்வரலாம், கட்டிப்போட்ட மாதிரி கிடந்தீர்களே என்று சொல்லிவிட்டு தழையை ஆட்டிக்கொண்டே போய்விட்டாள். ஆறுதல் சொன்னதாகத்தான் நினைத்திருப்பாள். எனக்கு மல்லித்தழையைத் திருப்பி வாங்கிவிடலாமா என்று இருந்தது.

இவளுடைய மாமனார் போனபோது நான் மூன்று நாள் அந்த வீட்டில் கிடந்தேன். அந்த மனுசரை எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. எங்கள் தோட்டத்தை ஒட்டி அவர்களுக்கும் ஒரு துண்டு நிலம், வேலிக் கல்லை வருசத்துக்கு ஒரு சாண் நகர்த்திக்கொண்டே வந்தவர். ஆனாலும் சாவு விழுந்த வீடு, துட்டி என்றால் துட்டிதான். போய் உட்கார்ந்தேன், கடுங்காப்பி போட்டேன், அவள் அழும்போது முதுகைத் தடவிக் கொடுத்தேன். இனிமே நிம்மதி என்று என் வாயிலிருந்து ஒரு சொல் வந்திருக்குமா? அவளுக்கு உண்மையிலேயே நிம்மதிதான், அது தெருவுக்கே தெரியும், ஆனாலும் வந்திருக்குமா?

கொடைக்கானலில், ஏரியிலிருந்து இறங்கும் சந்து ஒன்றில் எங்கள் வீடு. பிறந்தது பழனி அடிவாரத்தில், கட்டிக்கொண்டு வந்தது இந்தக் குளிருக்கு. வீட்டுக்காரர் மின்வாரியத்தில் கம்பம் ஏறி ஏறியே ரிட்டயர் ஆனவர். மேலே இருக்கும் இரண்டு அறைகளை டூரிஸ்ட்காரர்களுக்கு விடுகிறோம். போர்டில் ஹோம்ஸ்டே என்று எழுதியிருக்கிறது. சமையல் நான். வரவேற்பு நாய் பார்த்துக்கொண்டது.

அதற்கு ஒரு பெயர் உண்டு. எழுத மாட்டேன். கூப்பிடுவதற்கு வைத்த பெயர், கூப்பிட்டால் வர ஆள் இல்லாதபோது தாளில் எழுதி என்ன செய்ய. நாட்டு நாய்தான். செம்மண் நிறம், ஒரு காது மட்டும் மடங்காது. மன்னவனூர் போயிருந்தபோது உருளைக்கிழங்கு மூட்டையோடு மூட்டையாக ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்த குட்டி. இறக்கிவிட மனசில்லாமல் கொண்டுவந்தோம். வந்த நாள் முதல் அதிகாரம் பண்ணியது. பெங்களூரிலிருந்து வந்து தங்கிய ஒருவர், இடம் அருமை, சாப்பாடு அருமை, ஆனால் நாய் எங்களை நம்பவில்லை என்று ரிவ்யூ போட்டார். நம்பாதது சரிதான். போகும்போது இரண்டு போர்வை காணாமல் போயிருந்தது.

கிட்னி போய்விட்டது என்று கால்நடை டாக்டர் சொன்னார். வயசாகிவிட்டது, வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஒரு வாரம் குளுக்கோஸ் ஏற்றினோம். வீட்டுக்காரர் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். கம்பத்தில் நின்ற பழக்கம், கை வலிக்காது என்பார். ஒரு வியாழக்கிழமை முற்பகல், வெளியே தூறிக்கொண்டிருந்தது, அது எழுந்து தள்ளாடிப் போய் வாசல்படியில் தன் வழக்கமான இடத்தில் படுத்தது. போர்வை எடுத்துக்கொண்டு நான் போவதற்குள் முடிந்துவிட்டது. பின்னால் பேரி மரத்தடியில் அவரே குழி வெட்டினார். மண் ஈரமாக இருந்ததால் வெட்டச் சுலபமாக இருந்தது என்று அவர் சொன்னார்.

சென்னையிலிருக்கும் மகன், லேப்ரடார் குட்டி ஒன்று ஏற்பாடு பண்ணட்டுமாம்மா என்றான். கோயம்புத்தூரிலிருக்கும் மகள் வாட்ஸ்அப்பில் உடைந்த இதயம் ஒன்று அனுப்பினாள். பிள்ளை இல்லாத குறைக்கு நாயைக் கொஞ்சுகிறார்கள் என்று சிலரைப் பற்றிப் பேசுவார்களே, என்னிடம் அது நடக்காது. எனக்குப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், பேரனும் இருக்கிறான், எவர் இடத்திலும் நான் நாயை உட்கார வைக்கவில்லை. நாயின் இடத்தில்தான் நாய் இருந்தது. அந்த இடம் இப்போது காலியாகக் கிடக்கிறது. இதில் விளங்கிக்கொள்ள என்ன கஷ்டம் என்று எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தம்பி பழனியிலிருந்து பேசினான். அடிவாரத்தில் கடை வைத்திருக்கிறான், பக்தர்களுக்கான சாமான் எல்லாம் விற்பான். புதன்கிழமை அவன் மகளுக்குப் பூ வைக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து நிற்கும்போது பெண்ணுக்குப் பக்கத்தில் அத்தை நிற்க வேண்டும், ஒரே அத்தை நான்தான். வெள்ளனே கிளம்பி செவ்வாய்க்கிழமையே வந்துவிடு என்றான். வீட்டில் சாவு விழுந்திருக்கிறது, பத்து நாளைக்கு விசேஷத்துக்கு வர முடியாது என்றேன். பதறிப்போய் யாருக்கு என்றான். சொன்னேன். சிரித்தான்.

சிரிக்காமல் இருந்திருந்தால் ஒருவேளை போயிருப்பேன்.

வார்த்தை வளர்ந்தது. நாய்க்குத் தீட்டுக் காக்கிறவளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றான். பார்த்துக்கொள் என்றேன். சம்பந்தி வீட்டில் என்ன காரணம் சொல்ல என்றான். உள்ளதைச் சொல் என்றேன். கடைசியில், நீ வரவில்லை என்றால் எனக்கு அக்காவே இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன் என்றான். கோபத்தில் சொன்னான் என்று தெரியும். ஆனால் அவன் கோபத்தில் சொல்வதைச் செய்கிறவன். எங்கள் அப்பா மாதிரி. நானும் அதே அப்பாவின் மகள்தான். போனை அணைத்து அரிசி டின்னுக்கு மேல் வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் தோட்டத்தில் காட்டுமாடு நின்றது. கொடைக்கானலில் இது அதிசயமில்லை, ஊருக்குள் பஸ்ஸுக்கு நடுவே நடந்து போகும். ஆனால் எங்கள் வேலியை இத்தனை வருசமாக அது தாண்டியதில்லை, தாண்ட விட்டதில்லை. இப்போது குரைக்க ஆளில்லை என்று அதற்கும் தெரிந்துவிட்டது. பேரி மரத்தடியில், புது மண்ணில் முன்கால் இரண்டையும் ஊன்றிக்கொண்டு என் பீன்ஸ் கொடியை இழுத்துத் தின்றது. எனக்குத் தலைக்கு ஏறியது. சோற்றுத் தட்டை எடுத்துக் கரண்டியால் அடித்துக்கொண்டு அதன் முன்னால் போய் நின்றேன். காலை எடு என்று கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அது மெல்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. வீட்டுக்காரர் ஓடிவந்து இடுப்பைப் பிடித்து உள்ளே இழுத்தார். அது சாவகாசமாகத் திரும்பி, வேலியை இன்னும் கொஞ்சம் சாய்த்துவிட்டுப் போனது. குத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் கேட்டார். குத்தியிருந்தால் இந்தத் தெரு வந்து உட்கார்ந்திருக்கும் என்றேன்.

சொன்ன பிறகுதான் அந்த யோசனை வந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அறைக்கு வர இருந்தவர்களை வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். ஞாயிறு விடிந்தும் அடுப்பு பற்ற வைக்கவில்லை. வீட்டுக்காரரின் போனிலிருந்து பந்தல் கடைக்காரரைக் கூப்பிட்டு, வீட்டு முன்னால் போட நாற்காலி வேண்டும் என்றேன். என்ன விசேஷம் என்றார். துட்டி என்றேன். ஐயோ என்றார், உடனே அனுப்புகிறேன் என்றார், வேறு எதுவும் கேட்கவில்லை. இங்கே அதுதான் மரியாதை. துட்டி என்று போன் வந்தால் யாருக்கு, எப்படி என்றெல்லாம் போனில் துருவக் கூடாது. நாற்காலி முதலில் வந்து இறங்கும், மற்றது அப்புறம்.

நான் கேட்டது நாலைந்து நாற்காலி. அவர் இரண்டு அடுக்கு நாற்காலியும், தார்ப்பாயும், டியூப் லைட்டும், குடிதண்ணீர் டிரம்மும் ஏற்றி வேலையாட்களை அனுப்பிவிட்டு, அவர் பாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போய்விட்டார். எங்கள் தெருவே அந்த நேரத்தில் சந்தையில்தான் இருக்கும். கேரட்டுக்கும் முட்டைக்கோசுக்கும் நடுவில் அவர் வருத்தத்தோடு விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். யார் போனது என்று கேட்டிருக்கிறார்கள். அவர் யோசித்திருக்கிறார். அந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர். போன் பண்ணியது அந்தம்மா, அதுவும் புருசன் போனிலிருந்து. அப்புறம் என்ன சந்தேகம்?

எதிர்வீட்டுக்காரி பையைப் போட்டுவிட்டு சந்தையிலேயே அழுதாளாம். அழுதுகொண்டே என் தம்பிக்குப் போன் பண்ணியிருக்கிறாள். வருசா வருசம் தைப்பூசத்துக்கு அவன் கடைக்குப் போகிறவள், நம்பர் இருந்தது. அவன் உடனே எனக்கு அடித்திருக்கிறான். என் போன் அரிசி டின்னுக்கு மேல் செத்துக் கிடந்தது. மச்சான் போனுக்கு அடித்திருக்கிறான். அந்த நேரம் பார்த்து அதில் சார்ஜ் இல்லை. அவனுக்கு அதற்கு மேல் அத்தாட்சி தேவைப்படவில்லை.

இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் பின்னால் சாய்ந்த வேலியை நிமிர்த்திக்கொண்டிருந்தார். முதலில் ஏழெட்டு ஆண்கள், தோளில் துண்டோடு, தலையைக் குனிந்துகொண்டு மேலேயிருந்து இறங்கி வந்தார்கள். பெண்கள் பின்னால். என் மனசு நிறைந்துபோனது. தெருவைப் பற்றித் தப்பாக நினைத்துவிட்டோமே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எதிர்வீட்டுக்காரி வந்து என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். இவ்வளவு பாசமா என் நாய் மேல் என்று நானும் அவளைக் கட்டிக்கொண்டேன். அப்போது வீட்டுக்காரர் கையில் கடப்பாரையோடு வீட்டைச் சுற்றி வந்து, வாங்க, வாங்க என்றார்.

யாரும் அலறவில்லை. அலறியிருந்தால்கூடத் தேவலை. எதிர்வீட்டுக்காரி என்னை விட்டுவிட்டு மெதுவாகப் பின்னால் நகர்ந்தாள். ஒரு பெரியவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாருக்குத்தாம்மா துட்டி என்று கேட்டார். சொன்னேன். கூட்டத்தில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். இரண்டு மூன்று பேர், சோலி கெட்டுப்போச்சு என்று முனகிக்கொண்டே திரும்பி நடந்தார்கள்.

"வந்தவங்க உட்காருங்க" என்றேன். "சாவு விழுந்தது நெசந்தான். உங்க வீட்டுக்கெல்லாம் நான் வந்து உட்கார்ந்திருக்கேன்."

அதற்கு மேல் எழுந்து போக அவர்களுக்குத் தைரியம் வரவில்லை. உட்கார்ந்தார்கள். என்ன பேசுவது என்று தெரியவில்லை. துட்டி வீட்டில் செத்தவரைப் பற்றி நாலு நல்லது சொல்ல வேண்டும். இதைப் பற்றிச் சொல்ல நல்லதாக யாரிடமும் எதுவும் இல்லை. கடைசியில் அந்தப் பெரியவர்தான், என் கோழி ஒண்ணைத் தூக்கிட்டுப் போச்சு என்று ஆரம்பித்தார். கூரியர்காரரின் பேண்ட்டைக் கிழித்தது, கேஸ் சிலிண்டர் வண்டியை மேடு வரைக்கும் துரத்தியது, கல்யாண வீட்டில் பந்திக்கு முந்தி இலையில் வாய் வைத்தது என்று ஒவ்வொருவராக ஆரம்பித்தார்கள். குற்றப்பத்திரிகைதான். எனக்குக் கேட்கக் கேட்க நன்றாக இருந்தது. ஆனால் யாருடைய முகத்திலும் துக்கம் இல்லை, வேடிக்கைதான் இருந்தது. வீட்டுக்காரர், என் துட்டிக்கு யார் யார் வருவீங்கன்னு பார்த்துட்டேன், மீதி ஆளுங்களை அப்புறம் பேசிக்கிறேன் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மதியத்துக்கு மேல் கூட்டம் கரைந்தது. நாற்காலியை எடுக்க வந்த பந்தல் கடைக்காரர் மட்டும் காப்பி பிளாஸ்க்கும் கையுமாக, சங்கடத்தோடு நின்றார். பொழுது சாயும்வரை இருக்கட்டும் என்றேன்.

மூன்று மணி வாக்கில் பனி இறங்கி மேலே ரோடு தெரியவில்லை. கார் கதவு அடிக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு ஆண் அழுகிற சத்தம். அந்தக் குரலை நான் கேட்டு வெகுகாலம் ஆயிற்று. அப்பா போனபோது கேட்டது. எழுந்து நின்றேன்.

தம்பி படியில் தடுமாறி இறங்கி வந்தான். இரண்டு கையிலும் ஏந்தியபடி ஒரு ரோஜா மாலை. பின்னால் அவன் மனைவி, மாரில் அடித்துக்கொண்டு, கக்கத்தில் ஒரு துணிக்கடைப் பையோடு. பையைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. கோடிச் சேலை. புருசனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்து போர்த்துவது. பழனியிலிருந்து அந்த மலை ரோட்டின் ஒவ்வொரு வளைவிலும் அவன் என்னைத் தாலி இல்லாமல் நினைத்துக்கொண்டே வந்திருக்கிறான்.

வீட்டுக்காரர் மப்ளரும் காப்பி டம்ளருமாக நாற்காலியில் இருந்தார். எழுந்து, "வாங்க மாப்ள" என்றார்.

தம்பி படியிலேயே உட்கார்ந்துவிட்டான். மாலை மடியில் கிடந்தது. அவர் போய் அவன் தோளைப் பிடித்தார். தம்பி அவர் கையை, முகத்தை, மப்ளரை எல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். தண்ணீர் கொடுத்தேன், குடித்தான். நடந்ததைச் சொன்னேன். அழுகை நின்று முகம் சிவந்தது.

"உசுரோட இருக்கிற மனுசனுக்கு என்னை மாலை வாங்க வச்சுட்டியேக்கா. இதை நான் எங்க கொண்டு போக? வீட்டுக்குள்ள எடுத்துட்டுப் போக முடியுமா? அங்க பொம்பளப்புள்ளைக்குப் பூ வைக்கப் போறாங்க."

"கொண்டு போக வேண்டாம். சாவுக்குன்னுதானே வாங்குனே. சாவு பின்னால தோட்டத்துல கெடக்கு."

"அது நாய்க்கா."

"நாய்தான். மனுசன்னு நான் சொன்னேனா? நாய் செத்துப்போச்சுன்னுதான் சொன்னேன். நீ சிரிச்சே. வேற எல்லாரும் வேற குட்டி வாங்குன்னு சொன்னாங்க. செத்துப்போச்சான்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, யாரும் கேக்கல."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவன் மனைவி பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கைமாற்றிக்கொண்டே இருந்தாள். வீட்டுக்காரர் அதை வாங்கிப் பிரித்துப் பார்த்து, நல்ல காட்டன், மாடி ரூம் ஜன்னலுக்குக் கர்ட்டன் இல்லாமல் கிடக்கிறது என்றார். ஐயோ அண்ணே என்று அவள் காதைப் பொத்திக்கொண்டாள். அவர் சிரிக்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, வாங்க மாப்ள, காட்டுறேன் என்று தம்பியைப் பின்பக்கம் கூட்டிப்போனார்.

நான் கூடப் போகவில்லை. அடுப்படி ஜன்னலில் நின்று பார்த்தேன். காட்டுமாடு மிதித்த குழிகளை வீட்டுக்காரர் சரிபண்ணி மண்ணைக் கூட்டி வைத்திருந்தார். அதைச் சுட்டி ஏதோ சொன்னார். பாட்டிலைத் தூக்கிப் பிடிக்கிற மாதிரி கையை உயர்த்திக் காட்டினார். தம்பி கேட்டுக்கொண்டே நின்றான். சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தி மப்ளரால் கண்ணை மூடிக்கொண்டார். வியாழக்கிழமையிலிருந்து அவர் அழுது நான் பார்க்கவில்லை. தம்பி கொஞ்ச நேரம் அவரையே பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஈர மண்ணில் நடந்துபோய், குனிந்து மாலையை வைத்தான். ஒரு பக்கம் கோணலாக இருந்தது போல, மறுபடி குனிந்து சரிபண்ணினான்.

திரும்பி வந்து குழாயடியில் காலைக் கழுவினான். என் பக்கம் பார்க்கவில்லை. புதன்கிழமையைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. காப்பி வேண்டுமா என்றேன். துட்டி வீட்டில் கேட்டுக் கொடுக்க மாட்டார்கள் என்று அப்புறம்தான் நினைவு வந்தது. பந்தல் கடைக்காரர் கொண்டுவந்திருந்த பிளாஸ்க்கிலிருந்து ஊற்றி நீட்டினேன், வாங்கிக் குடித்தான். நாங்கள் எல்லோரும் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். பனி வாசலுக்குள் வந்துவிட்டது. இருட்டுவதற்குள் மலை இறங்க வேண்டும் என்று டிரைவர் மேலேயிருந்து ஹாரன் அடித்தார்.

தம்பி எழுந்தான். டம்ளரைக் கீழே வைத்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், தலையைக்கூட ஆட்டாமல் படியேறிப் போனான். ஆகட்டும், கோபத்தில் சொல்வதைச் செய்கிறவன்தானே, இன்றோடு அக்கா இல்லை என்று ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்படியானாலும் நாற்காலியை எடுக்க மாட்டேன் என்றும் நினைத்தேன்.

அவன் மனைவி பின்னாலேயே ஓடினாள். நாலு படி ஏறியதும் திரும்பிப் பார்த்து, "அப்ப நாங்க போயிட்டு..." என்று ஆரம்பித்தாள்.

"ஏய்." மேலேயிருந்து தம்பியின் குரல் வந்தது. பனியில் ஆள் தெரியவில்லை. "துட்டி வீட்டுக்கு வந்துட்டுச் சொல்லிக்கிட்டா போவாங்க? வெரசா வந்து ஏறு."

அவள் வாயை மூடிக்கொண்டு ஏறிப் போனாள். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. நான் வாசல்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழ ஆரம்பித்தேன். அதுவரை இருந்ததெல்லாம் கோபம், இது வேறு. எதிர்வீட்டில் லைட் எரிந்தது, கதவு திறந்தது. உள்ளே வந்து அழு என்று வீட்டுக்காரர் கையைப் பிடித்தார். கையை உதறிவிட்டு, தெரு கேட்கட்டும் என்று இன்னும் சத்தமாக அழுதேன்.